நகரின் நீரும் மலைநாட்டின் காவலும்

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பு என்னும் அதிகாரத்தை வைத்தனர். வான் வழங்கும் நீரைத் தேக்குதலும், தேக்கியதைத் தூய்மையாய்க் காத்தலும் மாந்தர்தம் கடமையாம். இவ்விரண்டனுள் தேக்குதல் சில ஆண்டுகளில் முடிவது. காத்தலோ என்றும் முடியாதது. இவ்வுண்மையை எமது மாகாணத்தின் அயலிலுள்ள ஒரு நீர்த்தேக்கத்தைக் கொண்டு விளக்க முயல்வாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கொழும்பு மக்கள் கிணற்று நீரையே பெரிதும் நம்பியிருந்தனர். குடிநெருக்கம் மிக, கிணறுகள் மாசுற்றன. ஆகவே ஆங்கில அரசினர், அவிசாவளைக்குத் தெற்கேயுள்ள மலைப்புறத்தில், களனி கங்கையின் கிளையாகிய வக் ஓயாவை லபுகமையில் மறித்து அணை கட்டினர். 1886ஆம் ஆண்டளவில் அந்நீர் நகரை அடைந்தது. இயந்திரத்தின் உதவியின்றி, தாழ்நிலம் நோக்கி ஓடும் தன் இயல்பினாலேயே நெடுந்தூரக் குழாய்வழி சென்று மாளிகாகந்தைத் தொட்டியிற் சேர்ந்தது. சுதந்திரத்தின் பின், 1950களில், அயலிலே களட்டுவாவை நீர்த்தேக்கமும் எழுந்தது.

இத்தகைய தேக்கங்களின் காவல் காட்டிலே தொடங்குகின்றது. நீரேந்தும் சரிவுகள் குடியிருப்பும் பயிர்ச்செய்கையுமின்றி வனமாகவே பேணப்படுகின்றன. மண் அணையில் மரவேர் ஊடுருவாது களைதல், கசியும் நீர் தெளிந்ததோ கலங்கியதோ எனப் பார்த்தல், மிகைநீர் வழியும் வாயிலை அடைபடாது வைத்தல் ஆகியவை அணைக்காவலரின் நாள்வேலைகள். கசிவு கலங்கிவரின் அணையின் மண்ணே கரைகின்றது என்பது பொருள்.

அடுத்தது வடித்தல். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914இல் தொடங்கிய நிலையம் மென்மணல் வடிப்பு முறையினது. மணற்படுக்கையின் மீது நீரை நிறுத்தி, மணிக்கு 10 முதல் 20 சதமமீற்றர் அளவே இறங்க விடுவது அம்முறை. நாளடைவில் மணலின் மேல் நுண்ணுயிர்கள் கூடி வழவழப்பான ஆடையாய்ப் படியும். நோய்க்கிருமிகளைத் தடுத்து அழிப்பதிற் பெரும்பங்கு இவ்வாடைக்கே உரியது. அது தடித்து நீர் இறங்காதபோது, மேல்மணலை ஓரிரு சதமமீற்றர் சுரண்டி எடுப்பர். மீண்டும் ஆடை உருவாகுமட்டும் பொறுத்தல் வேண்டும். அவசரப்பட்டால் நோய் குழாயேறும். பிற்கால விரைவு முறையிற் படிகாரமிட்டுக் கலங்கலைத் திரட்டி அடியிற் படியவிட்டு, எஞ்சியதை மணலில் வடித்து, குளோரின் கலப்பர். அம்மணலையும் கீழிருந்து நீர் பாய்ச்சி அடிக்கடி கழுவவேண்டும்.

இக்காவலின் பயனை உலகம் 1892இற் கண்டது. ஜெர்மனியில் எல்பு ஆற்றங்கரையில் ஹம்பர்க், அல்தோனா என இரு நகரங்கள் அடுத்தடுத்திருந்தன. ஹம்பர்க் ஆற்றுநீரை வடியாது பருகியது. 8,000க்கு மேற்பட்டோர் வாந்திபேதியால் மாண்டனர். அந்நகரின் கழிவைச் சுமந்த நீரையே பெற்ற அல்தோனா, அதனை மணலில் வடித்துப் பருகியமையாற் பேரழிவினின்றும் தப்பியது.

கொழும்பு வளர, மலைத்தேக்கங்கள் போதாவாயின. இன்று அம்பத்தலையிற் களனி கங்கை நீரும் வடிக்கப்படுகின்றது. அவ்வாறு கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, உருவன்வெல்லைப் பகுதிகளைக் கடந்தே செல்கின்றது. எமது தேயிலை, இறப்பர்ச் சரிவுகளிற் கரையும் மண் ஆங்கே கலங்கலாய்ச் சேர்கின்றது. களு கங்கைப் பக்கத்திலோ, இரத்தினபுரி மாணிக்கக் குழிகளின் சேற்றுநீர் அவ்வாற்றைக் கலக்குகின்றது. தலைநீரில் வாழ்வோர் கடைநீரில் வாழ்வோர்க்குக் கடன்பட்டவராவர்.

ஆயின், தலைநீரில் வாழ்வோர்க்கு யார் காவல்? நகரத்தார் வடித்த நீரைப் பருக, லயங்களில் வாழ்வோர் பலர் ஊற்றிலிருந்து பீலியில் விழும் நீரை வடியாது பருகுகின்றனர். தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. வடிநிலையம் வரும்வரை வாளாவிருத்தல் தகாது. ஊற்றின் மேற்புறத்தை வேலியிட்டு, ஆடுமாடும் மலசலகூடமும் அணுகாது காத்தல், தொட்டிக்கு மூடியிட்டுத் தவறாது கழுவுதல், குடிநீரைக் கொதிக்க வைத்தல் ஆகிய மூன்றும் நம்மாற் கூடுவன. நல்ல நீர் கேட்டு வாங்குதலும் தோட்ட மக்களின் உரிமையே. அதனை எழுத்தறிந்த பழைய மாணவர் முன்னின்று கேட்டல் வேண்டும்.

அணைக்கு அடிக்கல் நாட்டுவது ஒருநாள் விழா. மணலைச் சுரண்டுவது ஓயாத தொழில். கல்லூரிக்கும் இஃது ஒக்கும். இவ்விழா நாளில், தம் தோட்டத்து ஊற்று ஒன்றையேனும் காக்க மாணவர் உறுதி பூணுவாராக.