அலவத்துகொடையில் கமெராவோடு தொழில் தொடங்க

அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் படங்களை நம்பி மட்டும் ஸ்டூடியோ திறக்காதீர்கள். உரிய திணைக்களங்கள் அங்கீகரித்த ஸ்டூடியோக்களில்தான் அவற்றை எடுக்க முடியும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிடுங்கள்; கடையின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க அந்தச் சான்றிதழ் வேண்டும்.

இங்கே வருமானம் கல்யாண வீடுகளில்தான். அக்குறணைப் பக்கம் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளரையே தேடுவார்கள். தங்கையோ மனைவியோ கமெரா பிடிக்கப் பழகினால் பாதி வேலை தானாக வரும். ஆனால் எடுத்த படத்தை முகநூலில் போடுமுன் வீட்டாரிடம் கட்டாயம் கேளுங்கள்; கேட்காமல் போட்ட ஒரு படத்தால் ஊரே உங்களைக் கூப்பிடாமல் விட்டுவிடும். சிங்களக் கல்யாணத்தில் போருவைச் சடங்கு சுபநேரத்துக்கு நடக்கும், உங்கள் பிளாஷுக்காகக் காத்திராது. ஏ9 வீதியில் வடக்கே மாத்தளை முத்துமாரியம்மன் தேர், தெற்கே கண்டி எசல பெரஹரா: காசு வராவிட்டாலும் கைக்குப் பழக்கம், காட்ட நல்ல படங்கள்.

கமெராவை வாடகைக்கு எடுக்கலாம், மெமரி கார்டைச் சொந்தமாக வாங்குங்கள். ட்ரோன் என்றால் சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிவு தேவை. முற்பணம், அல்பம் கொடுக்கும் நாள் இரண்டையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். மிச்சக் காசு வரும்வரை அல்பம் உங்களிடமே இருக்கட்டும்.