துலக்கிய நீர் எங்கே போகிறது?



பாத்திரம் துலக்கிய நீரும் துணி துவைத்த நீரும் கால்வாயில் இறங்கியதும் நம் கண்ணை விட்டு மறைகின்றன. உலகை விட்டு மறைவதில்லை. கோல சிலாங்கூர் வட்டாரத்துக் கால்வாய்கள் பல, சிலாங்கூர் ஆற்றையே சேர்கின்றன. அவ்வாற்றங்கரையில், கம்போங் குவாந்தானில், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர ஒளிர்கின்றன. அவற்றின் புழுக்கள் கரையோர ஈர மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்பவை. நீரும் கரையும் கெட்டால் அவ்வொளியும் மங்கும்.

சலவைத்தூள் சிலவற்றில் பாஸ்பேட் உப்பு உண்டு. அது நீரில் சேர்ந்தால் பாசி பெருகும், பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறையும், மீன்கள் மடியும்.

இதற்கு நாம் செய்யக்கூடியவை:

1. பாஸ்பேட் கலவாத தூளையே வாங்குக. அதையும் அளந்து இடுக. நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்பது தவறு.

2. இயன்றவரை சவர்க்காரக் கட்டியால் துவைக்க. செம்பனை எண்ணெயிலிருந்தும் சவர்க்காரம் செய்யப்படுகிறது. அது நுண்ணுயிர்களால் எளிதில் சிதையும். மலாயாவில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது, 1917இல் நம் வட்டாரத் தென்னமரம் தோட்டத்தில்தான்!

3. எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் பழந்தாளால் துடைத்து, விறகுச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்க்க. சாம்பலின் காரம் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும்.

4. பூந்திக்கொட்டை நீரும் நன்கு துவைக்கும். ஆயினும் அதன் நுரை மீனுக்கு நஞ்சு. ஆதலின் அந்நீரை மண்ணில் ஊற்றுக.

மாணவர்களே, இவ்விடுமுறையில் உங்கள் வீட்டுக் கால்வாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று பெற்றோருடன் நடந்து சென்று பாருங்கள். கண்டதை எழுதி வாருங்கள்.