இணையக் கடையில் ஏமாறாமல் வாங்குவோம்

கடந்த வருட நோன்பு மாதத்தில் எனக்கு நடந்த ஒரு விடயத்தோடு இக்கட்டுரையை ஆரம்பிக்கிறேன். தராவீஹ் முடிந்து வந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முகநூலில் ஓர் அபாயா விளம்பரம் கண்ணில் பட்டது. 8,500 ரூபா என்ற விலை சிவப்புக் கோட்டால் வெட்டப்பட்டு, பக்கத்தில் 4,500 ரூபா என்று எழுதப்பட்டிருந்தது. "இன்னும் இரண்டு மணித்தியாலங்கள் மட்டுமே" என்றும் போட்டிருந்தார்கள். உம்மாவுக்கு அந்த வாரம்தான் சீட்டுக் காசு கிடைத்திருந்தது. கெஞ்சிக் கேட்டு வாங்கி, நானாவின் கைபேசி மூலம் அந்த இரவே அவர்கள் தந்த வங்கிக் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டேன்.

பெருநாள் வந்தது, அபாயா வரவில்லை. நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதிலும் இல்லை. பின்னர் அந்தப் பக்கமே எனக்குத் திறக்காமல் போனது.

உம்மா ஏசவில்லை. "போனது போகட்டும் மகள். ஆனா எப்பிடிப் போனதெண்டு யோசி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தார். உம்மா ஒரு சட்டை தைத்தால் கிடைக்கும் கூலி 750 ரூபா. 4,500 ரூபா என்றால் ஆறு சட்டைகள். ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றைப் பெறும்போது, விட்டுக்கொடுத்ததே அதன் அமையச் செலவு என்று பொருளியல் பாடத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் அதற்குப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது எனக்கு உண்மையில் விளங்கியது அந்த இரவில்தான்.

உம்மா சொன்னபடி யோசித்ததில் நான் கற்றுக்கொண்டவற்றைச் சக மாணவிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

பட்டியல் முதலில், கைபேசி பிறகு

கடைத்தெருவுக்குப் போகும்போது உம்மா துண்டுக் கடதாசியில் சாமான்களை எழுதிக்கொண்டுதான் போவார். கைபேசிக் கடைக்குள் நுழையும்போது மட்டும் நாம் வெறுங்கையோடு நுழைகிறோம். என்ன தேவை, அதற்கு ஆகக்கூடியது எவ்வளவு கொடுக்கலாம் என்ற இரண்டையும் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பிடித்த பொருளைக் கூடையில் போட்டுவிட்டு ஒரு நாள் பொறுத்திருப்பது நல்லது. மறுநாளும் அது தேவை என்று தோன்றினால் வாங்கலாம். "இரண்டு மணித்தியாலங்கள் மட்டுமே" என்ற வரி நம்மை யோசிக்க விடாமல் செய்வதற்காகவே எழுதப்படுகிறது. நான் ஏமாந்ததும் அதில்தான்.

வெட்டப்பட்ட விலையைப் பார்க்காதீர்கள்

8,500 ரூபா என்ற விலையில் அந்த அபாயாவை யாராவது எப்போதாவது வாங்கினார்களா என்று நான் கேட்கவில்லை. பெரிய எண்ணைப் பார்த்த கண்ணுக்குச் சிறிய எண் இலாபமாகவே தெரியும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த வெட்டப்பட்ட விலை அங்கு இல்லாவிட்டால், 4,500 ரூபாவுக்கு இதை நான் வாங்குவேனா?

நவம்பர் மாதம் 11 ஆம் திகதி நடக்கும் பெரிய விற்பனையை நாம் எல்லோரும் அறிவோம். சீனாவின் அலிபாபா நிறுவனம் 2009 ஆம் ஆண்டு ஆரம்பித்த வழக்கம் அது. 2018 இல் அந்நிறுவனம் தராஸைக் கொள்வனவு செய்தது. இன்று இலங்கையிலும் அந்த நாளுக்காகப் பலர் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருப்பவர்கள், தமக்கு வேண்டிய பொருளின் விலையை இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே குறித்து வைக்க வேண்டும். விலை உண்மையில் குறைந்ததா, கூட்டிவிட்டுக் குறைத்தார்களா என்பது அப்போது தெரிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

தம்பிக்குப் புத்தகப் பை வாங்க வேண்டியிருந்தது. இணையத்தில் 2,100 ரூபா, கூரியர் கட்டணம் 400 ரூபா, மொத்தம் 2,500 ரூபா. அதே பை கல்முனைக் கடையொன்றில் 2,400 ரூபாவுக்குக் கிடைத்தது. பஸ் காசைச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு, சிப்பை இழுத்துப் பார்த்து, தையலைத் தடவிப் பார்த்து வாங்க முடிந்தது. இணையம் எப்போதும் மலிவும் அல்ல, கடை எப்போதும் விலை கூடியதும் அல்ல.

அளவையும் பார்க்க வேண்டும். 180 மில்லிலீற்றர் ஷாம்பு 540 ரூபா என்றால் ஒரு மில்லிலீற்றருக்கு 3 ரூபா. 400 மில்லிலீற்றர் போத்தல் 1,400 ரூபா என்றால் ஒரு மில்லிலீற்றருக்கு 3.50 ரூபா. பெரிய போத்தல் மலிவு என்று எண்ணி எடுப்பவர் இங்கே நட்டப்படுகிறார். "இவ்வளவுக்கு மேல் வாங்கினால் கூரியர் இலவசம்" என்பதும் இப்படித்தான். 400 ரூபாவை மிச்சப்படுத்த, தேவையில்லாத 900 ரூபாப் பொருளைக் கூடையில் போட்டால் 500 ரூபா நட்டம்.

குவியலுக்குள் கை

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரமாக இருந்ததையும், அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியிடம் கேட்டதையும் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். இணையக் கடையில் உள்ள சிக்கலே அந்தக் குவியலுக்குள் நம்மால் கையை விட முடியாது என்பதுதான். வேறு வழிகளில்தான் உள்ளே பார்க்க வேண்டும்.

வாங்கியவர்களின் கருத்துக்களில் ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு, ஒன்றும் மூன்றும் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் வாசியுங்கள். விற்பவரின் படத்தை விட, வாங்கியவர் வீட்டில் வைத்து எடுத்த படம் உண்மையைச் சொல்லும். முகநூல் பக்கமென்றால் அது எப்போது ஆரம்பிக்கப்பட்டது, முன்பு வேறு பெயரில் இருந்ததா என்பதை அந்தப் பக்கத்தின் விபரங்களிலேயே பார்க்கலாம். உடுப்பு வாங்குவதென்றால் சிறியது, பெரியது என்ற பெயர்களை நம்ப வேண்டாம். உங்களுக்கு அளவாக இருக்கும் ஓர் உடுப்பை நாடாவால் அளந்து, அந்த அங்குலக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

பணம் கைமாறும்போது

முன்பின் தெரியாதவரின் வங்கிக் கணக்குக்கு முற்பணம் அனுப்பக் கூடாது. பொருள் கைக்கு வந்த பின் காசு கொடுக்கும் முறையே எங்களைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பானது. அதிலும் பெரும்பாலும் காசு கொடுத்த பிறகே பொதியைத் திறக்க முடிகிறது. எனவே திறக்கும்போது ஒருவர் காணொளி எடுத்து வைத்தால், பிழையான பொருள் வந்திருந்தால் திருப்பிக் கேட்க அது சான்றாகும்.

வங்கி அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்கங்களையும், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. "உங்கள் பொதி வந்திருக்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் போலிக் குறுஞ்செய்திகளும் உண்டு. அதிலுள்ள இணைப்பைத் தொடாமல் தபாலகத்திலேயே நேரில் கேட்பது நல்லது.

மௌனமும் ஒரு செலவு

நான் செய்த பெரிய பிழை பணம் அனுப்பியது அல்ல. வெட்கத்தினால் "வெளியில் சொல்லாதீங்க" என்று உம்மாவிடம் கேட்டுக்கொண்டதுதான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் என் வகுப்புத் தோழி ஒருத்தி அதே பக்கத்துக்குப் பணம் அனுப்பி ஏமாந்தாள். அவள் அழுதுகொண்டு சொன்னபோது நான் தலை குனிந்து நின்றேன். நான் வாயைத் திறந்திருந்தால் அவளது பணம் தப்பியிருக்கும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை நமக்காகவே இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அதற்குப் பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் படம், பேசிய செய்திகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளை ஏமாந்து வந்து சொன்னால் முதலில் கேளுங்கள். ஏச்சுக்குப் பயந்த பிள்ளை அடுத்த முறை சொல்லாது.

இவ்வருடம் உம்மாவின் பழைய மெஷின் பழுதாகிவிட்டது. பாவித்த பொருட்களை விற்கும் இக்மன் போன்ற தளங்களில் நானும் வாப்பாவும் இரண்டு வாரம் தேடினோம். ஒன்பது மெஷின்களின் விலைகளைக் கொப்பியில் எழுதி ஒப்பிட்டு, பக்கத்து ஊரில் 18,000 ரூபாவுக்கு இருந்த ஒன்றைப் பார்க்கப் போனோம். முற்பணம் ஒன்றும் அனுப்பவில்லை. உம்மா வீட்டிலிருந்து கொண்டுபோன துணித் துண்டை அதில் வைத்துத் தைத்துப் பார்த்தார். திருப்பி, பின்பக்கத் தையலையும் பார்த்தார். பேரம் பேசி 16,000 ரூபாவுக்கு வாங்கினோம்.

பெருநாளுக்கு 2,900 ரூபாவுக்குத் துணி எடுத்தோம். அந்த மெஷினில் உம்மா தைத்துத் தந்த அபாயா எனக்கு அளவாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.