பட்டை, டயர், அலைன்மென்ட்: புனே ரூட் லாரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்து ஜவ்வரிசி இல்லாமல் மகாராஷ்டிராவில் விரத நாள் நகராது. அதை ஏற்றிக்கொண்டு போகும் லாரி ஓசூர், பெங்களூரு, ஹுப்ளி, பெலகாவி, கோலாப்பூர், சதாரா என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் புனேயைத் தொடுகிறது. திரும்பும்போது சாக்கனில் வண்டி உதிரிபாகமோ, கோலாப்பூரில் சர்க்கரையோ கிடைக்கும். வாடகையை நாம் தீர்மானிக்க முடியாது, டீசல் விலையும் நம் கையில் இல்லை. வண்டி ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்பது மட்டும் ஓரளவு நம் கையில் இருக்கிறது.

வருஷத்துக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் வண்டி 25,000 லிட்டர் குடிக்கிறது. அதில் 3 சதவீதம் என்றால் 750 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 67,500 ரூபாய். பட்டை (லீஃப் ஸ்பிரிங்), டயர், அலைன்மென்ட் மூன்றையும் சரியான வரிசையில் பார்த்துக்கொண்டால் இந்த அளவுப் பணம் நிற்கும். முதல் லாரி வாங்கியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புது டயர் போட்டு, அலைன்மென்ட் பார்த்து, ஒரு மாதம் கழித்து உடைந்த பட்டையை மாற்றுகிறார்கள். பட்டையில் கை வைத்த அன்றே அலைன்மென்ட்டுக்குக் கொடுத்த காசு போய்விட்டது.

படி 1: மைலேஜை முதலில் ஒழுங்காக அளந்து பாருங்கள்

டேங்கை வாய் வரை நிரப்புங்கள். ஒரு முழு டிரிப் போய்வந்து, அதே பங்க்கில் மறுபடி வாய் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரே ரூட், ஏறக்குறைய ஒரே லோடு என்று இரண்டு மூன்று டிரிப்பாவது எழுதி வையுங்கள்.

புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்துவிட்டது என்று டயர் கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. மீட்டர் எண்ணுவது டயர் எத்தனை சுற்று சுற்றியது என்பதைத்தான். 10.00 ஆர் 20 டயரின் விட்டம் சுமார் 1,050 மில்லிமீட்டர். பட்டன் (ட்ரெட்) 15 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் 30 மில்லிமீட்டர் போய்விடும், அதாவது 3 சதவீதத்துக்குப் பக்கம். உண்மையில் 1,000 கிலோமீட்டர் ஓடிய தேய்ந்த டயர் வண்டி, மீட்டரில் 1,030 என்று காட்டும். 250 லிட்டர் குடித்திருந்தால் கணக்கில் 4.1 வரும், புது டயரில் அதே ஓட்டத்துக்கு 4 வரும். குறைந்தது மைலேஜ் இல்லை, மீட்டரின் மிகைக் கணக்கு. புது டயரின் கனமான பட்டன் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் என்பதும் நிஜம்தான், ஆனால் அது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் தூரத்தை மீட்டரில் பார்க்காமல் ஜி.பி.எஸ்ஸில் பாருங்கள்.

டயர் சைஸ் மாற்றும்போதும் இதே கதைதான். 295/90 ஆர் 20 டயரின் விட்டம் கணக்குப்படி 1,039 மில்லிமீட்டர். 10.00 ஆர் 20-இலிருந்து இதற்கு மாறினால் மீட்டர் ஒரு சதவீதம் அளவுக்குக் கூட்டிக் காட்டும், அதே வேகத்துக்கு இன்ஜினும் அந்த அளவு அதிகம் சுற்றும்.

படி 2: வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது பட்டைக் கட்டுதான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போங்கள். யூ போல்ட் நட்டைச் சுற்றியும், பட்டை ஆக்சிலில் உட்காரும் இடத்திலும் செம்மண் நிறத்தில் துருக்கோடு தெரிந்தால் அங்கே உலோகம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கிறது, கட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். தளர்ந்த கட்டில் சென்டர் போல்ட் சீக்கிரம் வெட்டிக்கொள்ளும். அது வெட்டிக்கொண்டால் ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகரும். வண்டி நேராகப் போவது போல இருக்கும், ஆனால் பின்னால் வருகிறவருக்கு உடம்பு கோணலாகத் தெரியும். டிரைவர் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பிப் பிடித்தே ஓட்டுவார். அத்தனை டயரும் சாலையில் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே வரும், டீசலும் அதில் கரையும்.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். முன் சக்கரத்தை நேராக வைத்து, முன் ஹப் மையத்திலிருந்து பின் ஹப் மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். இரட்டை ஹவுசிங் வண்டியில் இரண்டு பின் ஆக்சிலுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் இடம், வலம் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் புஷ்ஷும் டார்க் ராடும் பார்க்க வேண்டிய நேரம்.

அதிக லோடுக்காகப் பின்னால் கூடுதல் பட்டை சொருகும் பழக்கம் இருக்கிறது. இதை நான் திட்டவட்டமாக எதிர்க்கிறேன். 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடையை உயர்த்தியபோது நான்கு டயர் ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் 11.5 டன் ஆனது, இரட்டை ஆக்சிலுக்கு 19 டன் 21 டன் ஆனது. நாம் சொருகும் பட்டையால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண் ஒரு கிலோகூட ஏறாது. வண்டியின் பின்புறம்தான் ஏறும். பின்புறம் ஏறினால் முன்னால் கிங்பின் சாய்வு, மெக்கானிக்குகள் காஸ்டர் என்று சொல்வது, குறைந்துவிடும். ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, வண்டி சாலையில் அலையும். காலியாக ஓடும்போது விறைத்த பட்டை டயரைத் தூக்கித் தூக்கிப் போட்டு, திட்டுத் திட்டாகத் தேய்க்கும். பழைய கட்டுக்குப் பதில் பாரபோலிக் பட்டை போடுகிறவர்கள் ஷாக் அப்சார்பரையும் கவனிக்க வேண்டும். பட்டைகளுக்குள் உரசல் குறைவு என்பதால் ஆட்டத்தை அடக்கும் வேலை முழுக்க அதன் தலையில் விழுகிறது.

பட்டை மாற்றிய பிறகு லோடோடு சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, யூ போல்ட்டை மறுபடி முறுக்குங்கள். விட்டுப்போகும் வேலை இதுதான்.

படி 3: டயர்

ரேடியல் டயர் நைலானைவிட லேசாக உருளும், டீசல் மிச்சமாகும். ஆனால் ஒரே ஆக்சிலில் இரண்டையும் கலக்காதீர்கள். ஜோடி டயரில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று போட்டால் பெரியது பாரம் சுமக்கும், சிறியது தரையில் இழுபடும். இரண்டின் விட்டமும் 6 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது. பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படி அந்த டயர் சாலையில் ஓடக் கூடாது.

லிஃப்ட் ஆக்சில் உள்ள வண்டி காலியாகத் திரும்பும்போது அதைத் தூக்கி வையுங்கள். உருளாத டயருக்குத் தேய்மானமும் இல்லை, டீசலும் இல்லை.

படி 4: காற்று

காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால், ஸ்டெப்னி உட்பட எல்லா டயரிலும் கேஜ் வைத்துப் பாருங்கள். தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லோடுக்கு ஏற்ற அளவு டயர் கம்பெனி அட்டவணையில் இருக்கும். ஓடிச் சூடான டயரில் அளவு ஏறித்தான் இருக்கும், அப்போது காற்றை இறக்கினால் இரவில் குறைந்து நிற்கும்.

படி 5: கடைசியாக அலைன்மென்ட்

கிங்பின் புஷ், வீல் பேரிங், டை ராட் எண்டு இவற்றில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்த பிறகே வண்டியை அலைன்மென்ட் மேடையில் ஏற்றுங்கள். ஆட்டம் உள்ள வண்டியில் மெஷின் காட்டும் எண், வண்டி மேடையை விட்டு இறங்கும்போதே மாறிவிடும்.

டோ எனப்படும் முன் சக்கரக் கோணம்தான் டயரை அதிகம் தின்பது. இரண்டு முன் டயரும் சேர்ந்து 6 மில்லிமீட்டர் உள்நோக்கித் திரும்பியிருந்தால், ஒவ்வொரு டயரும் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஏறக்குறைய 3 மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. சேலத்திலிருந்து புனே போய்ச் சேர்வதற்குள் அது 3 கிலோமீட்டர் ஆகிவிடும்.

உங்கள் உள்ளங்கையே இதற்கு நல்ல கருவி. முன் டயர் பட்டன் மேல் கையை உள்பக்கமிருந்து வெளிப்பக்கம் மெதுவாகத் தடவுங்கள், பிறகு வெளியிலிருந்து உள்ளே. உள்ளிருந்து வெளியே வரும்போது ரம்பப் பல் போலக் கையை அறுத்து, எதிர்த்திசையில் வழுவழுப்பாக இருந்தால் டோ-இன் அதிகம். மாறி இருந்தால் டோ-அவுட். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இருந்து, டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கோளாறு கேம்பரில் (சக்கரம் மேலே உள்ளோ வெளியோ சாயும் கோணம்) அல்லது பேரிங்கில்.

டோவை டை ராடில் சரி செய்யலாம். காஸ்டரைப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துத் திருத்தலாம். கேம்பர் மட்டும் முன் ஆக்சில் பீமின் வடிவத்திலேயே வருவது. புனே முண்ட்வாவில் உள்ள பாரத் ஃபோர்ஜ் போன்ற ஆலைகள் அந்த பீமைப் பழுக்கக் காய்ச்சி அடித்து, பிறகு பதப்படுத்தி அனுப்புகின்றன. அதைக் கேஸ் வெல்டிங்கில் சூடு காட்டி வளைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும், முழு லோடில் பள்ளத்தில் விழும்போது அது முறியும்.

நிக்டி டிரான்ஸ்போர்ட் நகரில் வேலை கொடுத்தாலும் நாமக்கல்லில் கொடுத்தாலும், முன்பிருந்த அளவு, இப்போதைய அளவு இரண்டும் உள்ள சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பின் ஆக்சிலையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். முன்னால் மட்டும் பார்ப்பது பாதி வேலை.

படி 6: புனேயின் மேடும் இறக்கமும்

புனேயிலிருந்து திரும்பும்போது கம்பாட்கி காட் ஏற்றத்தில் மைலேஜ் சரிவது சகஜம், அதை வைத்து டயரைக் குறை சொல்ல முடியாது. வரும்போது காத்ரஜ் சுரங்கம் தாண்டி நவலே பாலம் வரை நீண்ட இறக்கம். 2022 நவம்பரில் அங்கே ஒரே லாரி கட்டுப்பாடு இழந்து பல வாகனங்களை நொறுக்கியது. டீசல் மிச்சம் என்று அந்த இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பி.எஸ்.4, பி.எஸ்.6 இன்ஜின்கள் கியரில் இறங்கும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் குடிக்கும், பிரேக்கும் தனியாக எரியும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறக்குங்கள். டிரைவர் வைத்து ஓட்டுகிறவர்கள் இதை அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். மைலேஜ் பேட்டாவுக்காக அவர் நியூட்ரல் போடுகிறார் என்றால், அந்தப் பேட்டாவை வேறு விதமாகக் கணக்குப் போட்டுக் கொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் முதல் படியில் எழுதிய நோட்டை எடுத்து, அதே ரூட்டில், அதே லோடில், ஜி.பி.எஸ். தூரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். பட்டையோ டை ராடோ முன் டயரோ மாற்றும் ஒவ்வொரு முறையும், பெரிய பள்ளத்தில் விழுந்த பிறகும், ஐந்தாம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.