எண்ணெய் எங்கே கசிகிறது?

காலையில் வண்டியை எடுக்கிறீர்கள். வண்டி நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது. தொட்டால் வழவழவென்று இருக்கிறது. எண்ணெய்! "கொஞ்சம்தானே" என்று கிளம்பிவிடுகிறோம்.

எஞ்சினுக்குள் உலோகமும் உலோகமும் ஓயாமல் உரசுகின்றன. நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. எண்ணெய் வற்றினால் உலோகம் சூடேறி, ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதை "எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது" என்பார்கள். பிறகு பெரிய செலவுதான். வாடகை வண்டி ஓட்டுபவருக்கு வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும்.

முதலில், ஒழுகுவது எஞ்சின் எண்ணெய்தானா? இரவில் வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் பாருங்கள். பழுப்பும் கறுப்புமாக இருந்தால் எஞ்சின் எண்ணெய். பச்சை நிறத் தண்ணீர் என்றால் ரேடியேட்டர் கூலன்ட். வெறும் தண்ணீர் ஏ.சி.யிலிருந்து வரும், கவலை வேண்டாம். சக்கரத்தின் பக்கம் வெளிறிய, வழுக்கும் திரவம் இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்கவே கூடாது.

அடுத்து அளவு பார்க்க வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுங்கள். ஆயில் கம்பியை உருவித் துடையுங்கள். மறுபடி முழுதும் செருகி எடுங்கள். கம்பியில் இரண்டு அடையாளங்கள் இருக்கும். எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ் அடையாளத்துக்கும் கீழே போனால் உடனே எண்ணெய் ஊற்ற வேண்டும். பல கார்களில் இரண்டு அடையாளங்களுக்கும் இடையே ஏறக்குறைய 1 லிட்டர் பிடிக்கும். மேல் அடையாளத்தைத் தாண்டி ஊற்றாதீர்கள். அதிகமானாலும் கெடுதல்தான்.

இனி, எங்கே கசிகிறது என்று தேடுவோம். இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். எண்ணெய் சொட்டும் இடம் ஒன்று. கசியும் இடம் வேறு. மேலே கசிந்த எண்ணெய் எஞ்சின் மேல் வழிந்து அடிக்கு வரும். ஓடும்போது அடிக்கும் காற்று அதைப் பின்னால் தள்ளும்.

மாருதி ஆம்னி வேனை எடுத்துக்கொள்வோம். 1984-இல் வந்த வண்டி. 2019-இல் தயாரிப்பு நின்றது. பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. இதன் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது. கியர் பாக்ஸை இறக்க வேண்டும்" என்கிறார் ஒரு மெக்கானிக்.

உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எஞ்சினின் உச்சியில் டேப்பட் கவர் இருக்கிறது. அதன் அடியில் ரப்பர் பேக்கிங் இருக்கிறது. சூட்டில் அது நாளடைவில் கெட்டிப்பட்டுப் போகும். அதன் பின்மூலையில் கசியும் எண்ணெயும் வழிந்து அதே இடத்துக்குத்தான் வரும்! ஒன்று, கவரைக் கழற்றிப் பேக்கிங் மாற்றும் வேலை. மற்றொன்று, கியர் பாக்ஸை இறக்கும் வேலை. கூலியில் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால், "அண்ணே, முதலில் எஞ்சினைத் துடைத்துப் பார்ப்போம்" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்படமாட்டார். எஞ்சின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். சூடான எஞ்சினில் மண்ணெண்ணெய் பட்டால் தீப்பிடிக்கலாம். நன்றாகக் காய்ந்ததும், சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள். பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணையுங்கள். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ, அங்கேதான் கசிவு. மேலிருந்து கீழாகப் பார்த்து வாருங்கள். ஈரமான இடங்களில் மிக உயரமானது எதுவோ, அதுவே மூலம்.

டேப்பட் கவர் என்றால் பழைய பேக்கிங்கைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். நட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். பலம் கொண்ட மட்டும் முடுக்கினால் கசிவு நிற்காது. பேக்கிங் பிதுங்கும், கவர் வளையும்.

ஆயில் மாற்றிய மறுநாளே ஒழுகினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஆயில் சேம்பரின் அடியில் உள்ள டிரெயின் போல்ட். அதன் வாஷர் நசுங்கியிருக்கும். மற்றொன்று, ஆயில் ஃபில்டர். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புதிய ஃபில்டரை வைத்தால் எண்ணெய் பீறிடும். பழைய வளையம் வந்துவிட்டதா என்று பார்த்து, புது வளையத்தில் எண்ணெய் தடவி, கையால் முடுக்கினால் போதும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். உயிர் போய்விடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே அடியில் போகலாம்.

ஓடும்போது எண்ணெய்க் கிண்டி போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால்? வண்டியை ஓரம் கட்டி உடனே எஞ்சினை அணையுங்கள். "வீடு பக்கம்தான்" என்று ஓட்ட வேண்டாம்.

உங்கள் வண்டிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். இப்படி எழுதுங்கள்:

மார்ச் 3. கிலோமீட்டர் 84,210. எண்ணெய் மேல் அடையாளத்தில்.
மார்ச் 10. கிலோமீட்டர் 84,760. எண்ணெய் பாதியில்.

550 கிலோமீட்டரில் இவ்வளவு இறங்குவது அதிகம். செய்தித்தாளில் சொட்டு விழுந்திருந்தால் கசிவைத் தேடுங்கள். சொட்டே இல்லை என்றால், சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எண்ணெய் உள்ளே எரிகிறது. அது பேக்கிங் மாற்றித் தீருகிற வேலை அல்ல. மெக்கானிக்கிடம் போகும்போது நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.