கை நடுங்கினால் பார்க்கின்சன்தானா?



முதியவரின் கை நடுங்கினால் பார்க்கின்சன் என்று முடிவு கட்டுவதும், இளையவரின் கை நடுங்கினால் பயமா குடியா என்று கேட்பதும் ஊரெங்கும் உள்ள கெட்ட பழக்கம். இவை எதிலும் சேராத, பார்க்கின்சனைவிடப் பரவலான நடுக்கம் ஒன்று உண்டு: எசென்ஷியல் ட்ரெமர்.

நடுக்கம் எப்போது வருகிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. பார்க்கின்சனில், மடிமேல் சும்மா கிடக்கும் கை வினாடிக்கு 4 முதல் 6 முறை ஆடும்; எதையாவது எடுக்கப் போனால் பெரும்பாலும் அடங்கும். எசென்ஷியல் ட்ரெமரில் மடியில் கிடக்கும் கை அமைதியாக இருக்கும். காபி டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போதுதான் தளும்பும். பொதுவாக இரு கைகளும் நடுங்கும். தலையும் குரலும் சேர்ந்துகொள்ளலாம்.

இதைப் பிரித்தறிய ஒரு தாளும் பேனாவும் பெரிதும் உதவும். கையை மேசையில் ஊன்றாமல், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருள் ஒன்று வரையச் சொல்ல வேண்டும். எசென்ஷியல் ட்ரெமர் உள்ளவரின் கோடு ரம்பப் பல்போல, பெரும்பாலும் ஒரே திசையில் நெளியும். பார்க்கின்சன் உள்ளவரின் சுற்றுகள் நெருங்கிச் சிறுக்கும்; எழுதச் சொன்னால் வரி போகப் போக எழுத்தும் பொடியாகும். முன்னவரின் எழுத்தோ பெரிதாகக் கோணும். இரு கைகளாலும் வரையச் செய்து, தேதி போட்டு வைத்தால் அடுத்த ஆண்டு ஒப்பிடலாம். ஸ்கேனுக்கு ஓடுகிறவர்கள் இந்தத் தாளை மறந்துவிடுகிறார்கள். அது சோம்பலன்றி வேறில்லை. கூர்ந்து பார்ப்பதே எவ்வளவு சொல்லும் என்பதற்குச் சான்று உண்டு: லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் வெளியிட்ட சிறு நூல் ஆறே நோயாளிகளைப் பற்றியது. அவர்களில் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். மருத்துவம் படிப்போர் அனைவரும் வாசிக்க வேண்டிய நூல் அது.

சிறுமூளைக்கும் மூளையின் உட்பகுதியான தலாமஸுக்கும் இடையே ஓடும் நரம்புச் சுற்றில் எழும் தாளப்பிழையே எசென்ஷியல் ட்ரெமருக்கு அடிப்படை எனக் கருதப்படுகிறது. பலருக்கு இது குடும்பவழி வருகிறது. சிறிதளவு மது இதைச் சற்று நேரம் தணிப்பதால், நோயாளிமேல் குடிகாரர் என்ற அநியாயமான பழி விழுகிறது. குடியை நிறுத்தியவருக்கு வரும் நடுக்கம் வேறு.

தைராய்டு மிகுதியும், சால்பியூட்டமால், வால்ப்ரோயேட் ஆகிய மருந்துகளும் கையை நடுங்கச் செய்யும். முதலில் அவற்றை விலக்க வேண்டும். பிறகு ப்ரோப்ரனலால் அல்லது ப்ரிமிடோன் என்ற மருந்தைத் தரலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு முன்னது ஆகாது. மருந்துக்கு அடங்காத கடும் நடுக்கத்துக்குத் தலாமஸில் மின்முனை பொருத்துவார்கள். பிரான்சின் கிரனோபிளில் நரம்பு அறுவை மருத்துவர் பெனாபிட்டின் குழு 1987இல் தொடங்கிய முறை அது. மண்டையைத் திறக்காமல் குவிந்த அல்ட்ராசவுண்டால் அதே இடத்தைச் சுடும் முறைக்கு அமெரிக்கா 2016இல் ஒப்புதல் தந்தது.