பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா? வீட்டிலேயே பாருங்கள்

சர்க்கரை நோயாளியின் காலில் முள் தைத்து, சீழ் வைத்த பிறகுதான் அவருக்கே தெரிகிறது என்றால், அந்தக் கால் மரத்துப்போய் வெகுநாளாகிறது. வலி இல்லாததை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான தொடு சோதனைக்கு உங்கள் ஆள்காட்டி விரல் போதும். அப்பாவையோ அம்மாவையோ வெறுங்காலோடு படுக்கச் சொல்லுங்கள். வலது கால் எது, இடது கால் எது என்று தொட்டுக் காட்டிவிட்டு, கண்ணை மூடச் சொல்லுங்கள். தொடுவது தெரிந்ததும் "வலது" அல்லது "இடது" என்று அவர் சொல்ல வேண்டும்.

முதலில் வலது பெருவிரல், பிறகு வலது சுண்டுவிரல். அடுத்து இடது பெருவிரல், இடது சுண்டுவிரல். கடைசியில் வலது நடுவிரல், இடது நடுவிரல். விரல் நுனியில் இறகு படுவதுபோல் 1 அல்லது 2 நொடி வைத்து எடுங்கள். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. சொல்லவில்லை என்றால் மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டாம்; தெரியவில்லை என்றே குறியுங்கள். முக்கியமாக, "தெரியுதாப்பா?" என்று கேட்காதீர்கள். கேட்டாலே பெரியவர்கள் "ம், தெரியுது" என்றுவிடுவார்கள்.

ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆறும் சரியாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை டாக்டர் பாதத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

அங்கே, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்துப் பார்ப்பார்கள். காய்ப்பு ஏறிய இடத்தில் வைத்தால் பயனில்லை. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்பார்கள். குதிகாலுக்கு மேல் சிறு சுத்தியலால் தட்டுவதும் உண்டு.

தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் சோதனை. லேசான ஷாக் கொடுத்து, நரம்பில் சேதி ஓடும் வேகத்தை அளப்பார்கள். அன்று காலில் எண்ணெய், கிரீம் தடவாதீர்கள். பாதம் சில்லிட்டிருந்தால் வேகம் குறைவாகக் காட்டும். சூடாக்கிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்தச் சோதனை பருத்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். எரிச்சலைக் கடத்துபவை மெல்லிய இழைகள். ஆகவே ரிப்போர்ட் நார்மல் என்று வந்தும் கால் எரிந்தால், "எல்லாம் பிரமை" என்று அவரை அடக்கிவிடாதீர்கள். டாக்டரிடம் மறுபடி சொல்லுங்கள். மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர் என்றால் பி12 அளவையும் கேட்டுப் பாருங்கள். அது குறைந்தாலும் கால் இப்படி எரியும். அதற்கு மருந்து இருக்கிறது.